செவ்வாய்க்கிழமைகளில் அப்பா பார்த்த சீன நாடகம்

அப்பா,

கீழ் அறைக் குளியலறையின் இழுப்பறையை இன்று காலை ஒழித்துக்கொண்டிருந்தேன். மூலையில் நீங்கள் விட்டுப்போன ஆஃப்டர்ஷேவ் பாட்டில் கிடந்தது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. 'இன்னைக்கு செவ்வாய்க்கிழமையா?' என்ற கேள்விதான் வந்தது.

இந்த வீட்டில் அந்த வாசனை செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தானே வீசியது.

அம்மா போன மறுவருஷம் நீங்கள் ஆறு மாத விசாவில் அமெரிக்காவுக்கு, பிளசன்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் மாதம் முழுக்க உங்களுக்கு ஒரே வேலைதான் இருந்தது. வாசலில் இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து, குப்பைக்குப் போகவேண்டிய விளம்பரக் காகிதங்களை எல்லாம் எடுத்துவந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படிப்பீர்கள். முப்பத்து நாலு வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவருக்கு, பெயர் போட்டு வந்த எதையும் படிக்காமல் எறிய மனசு வராது போல என்று உங்கள் மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களுக்கும் கடிதங்களுக்கும் உள்ள உறவில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு ஒரு நாள் உங்கள் பேத்தி மித்ரா உங்களை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். பெரியவர்கள் இங்கிலீஷ் பேசிப் பழக, செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே ஒரு வட்டம் கூடுகிறது என்று உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நல்லதுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மூன்று வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு மென்பொருள் எங்கே உடையும் என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். டெஸ்டிங் வேலை. ஒரு விஷயம் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் என் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். உங்களிடம் வழக்கத்துக்கு மாறாக ஒன்றல்ல, நிறைய நடந்தது. நினைத்தால் மட்டும் சவரம் செய்தவர் செவ்வாய்தோறும் செய்ய ஆரம்பித்தீர்கள். சட்டையை நீங்களே இஸ்திரி போட்டீர்கள். ஆஃப்டர்ஷேவ் எங்கே கிடைக்கும் என்று மித்ராவைத் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவளுடைய பழைய இயர்ஃபோனையும் வாங்கிக்கொண்டீர்கள். எதையும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் மீட்டிங் முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு நீங்கள் அவசரமாக டி.வி.யை நிறுத்தினீர்கள். திரையில் நீலமும் வெள்ளையுமாக டிராக் சூட் போட்ட ஒரு பெண்ணும் பையனும் சைக்கிளோடு உறைந்து நின்றார்கள்.

"என்னங்கப்பா இது?"

"சீன நாடகம் அம்மிணி. பள்ளிக்கூடத்துப் பசங்க கதை."

"உங்களுக்கு சைனீஸ் தெரியுமாங்கப்பா?"

"கீழ இங்கிலீஷ்ல எழுத்து வருதல்ல? நிறுத்தி நிறுத்திப் படிச்சுக்கறேன்."

என் ஞாபகத்தில் நீங்கள் ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்ததில்லை. ரேடியோவில் காதல் பாட்டு வந்தால் எழுந்துபோய் அணைத்தவர். அப்படிப்பட்டவர் எழுபத்து மூன்று வயசில், முதல் காதலைப் பற்றி முப்பது எபிசோட் ஓடும் நாடகத்தை, வரிக்கு வரி நிறுத்திப் படிக்கிறார் என்றால் நான் என்ன நினைப்பேன்? அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மித்ரா கேட்டதால் கதை சொன்னீர்கள். வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பின் பெஞ்சில் உட்காரும் பையன் தினமும் அவளிடம் ரப்பர் கடன் வாங்குவான், திருப்பித் தரமாட்டான். ஒரு நாள் அவன் அலமாரியைத் திறந்தால் வாங்கிய ரப்பர் அத்தனையும் ஒரு டப்பாவில் இருக்கும். மித்ராவுக்கு அதற்கு முன்பே கதை தெரியும். அவள் பள்ளியில் பாதிப் பேர் பார்க்கிறார்களாம்.

"அந்தப் பையன் கெட்டவன் இல்ல அம்மிணி" என்றீர்கள். மித்ராவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கெட்டவன் என்று விசாரணையே இல்லாமல் நீங்கள் முடிவுகட்டிய ஒரு பையன் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் என்னோடு ஃபிசிக்ஸ் டியூஷன் படித்த செந்தில். கையில் கொடுக்கப் பயந்துகொண்டு, போஸ்ட்மாஸ்டர் மகளுக்குப் போஸ்டிலேயே கடிதம் எழுதிய அறிவாளி. அடுத்த வாரம் டியூஷன் வாசலில், "நான் போட்ட லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டான். வரவில்லை என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் டியூஷன் நின்றது. சைக்கிளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். "அப்பா எல்லாத்தையும் படிச்சுட்டாரு. இனி அதைப் பத்திப் பேச்சு வேண்டாம்" என்றார் அம்மா. நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பேருடைய கடிதங்களை ஒட்டு பிரியாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நீங்கள். நீங்கள் பிரித்த ஒரே கடிதம் எனக்கு வந்ததுதான். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செந்திலுக்காக நான் ஏங்கிக் கிடக்கவில்லை அப்பா. ஒரு வருஷத்தில் அவன் முகம்கூட மங்கிவிட்டது. 'உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, யார் அம்மிணி இது?' என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லையே என்பது மட்டும் மங்கவில்லை.

அதனால்தான், 'அந்தப் பையன் கெட்டவன் இல்லை' என்று நீங்கள் சொன்னதும், இவர் ஏதோ ஒன்றுக்கு என்னைத் தயார்படுத்துகிறார் என்று முடிவு செய்தேன். முதலில் காதல் நல்லது என்பார். அப்புறம் தன் விஷயத்தைச் சொல்வார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பல் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று ஆபீசில் பொய் சொல்லிவிட்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். காரை நூலகத்தின் பக்கவாட்டில், புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்கு அப்பால் நிறுத்தினேன். பதினொன்றே கால் மணிக்கு வட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். நீங்களும் ஒரு சீன அம்மாளும் பின்பக்கத்து ஓக் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். அவர் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மடியில் நிறுத்தினார். நீங்கள் இயர்ஃபோனை எடுத்தீர்கள். அதன் ஒரு நுனி உங்கள் காதில், மற்ற நுனி அவர் காதில். இரண்டு தலைகளுக்கும் நடுவில் அந்த வெள்ளை ஒயர் தொங்கியது.

முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தீர்கள். அம்மாவோடு நீங்கள் அப்படிச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். யோசித்ததற்காக உங்கள்மேல் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் உங்கள் அறைக்குள் போனேன். தலையணைக்குப் பக்கத்தில் மித்ராவின் பழைய நோட்டு ஒன்று இருந்தது. உங்கள் அஞ்சலகக் கையெழுத்தில், தமிழ் எழுத்தில், எனக்குப் புரியாத சொற்கள். சிலவற்றுக்கு அர்த்தம் எழுதியிருந்தீர்கள், தண்ணீர், பள்ளிக்கூடம், மழை என்று. இரண்டுக்கு எழுதவில்லை. அந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து போனில் தேடினேன்.

'வோ ஷிஹுவான் நீ.' எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது.

'துவே பு ச்சி.' மன்னித்துவிடு.

முதலாவதே எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு என்ன நடந்திருக்கும்? அதற்கு மூன்று பதில்கள் யோசித்து வைத்தேன். மூன்றும் அசிங்கமானவை.

"தாத்தா இஸ் ஜஸ்ட் வாட்சிங் எ ஷோ, அம்மா" என்றாள் மித்ரா. "எல்லா எபிசோட்லயும் அந்த டயலாக் வரும்."

நான் நம்பவில்லை. அந்த நாட்களில் நீங்கள் செய்த எதையுமே நம்பவில்லை. தினமும் மூன்று மணிக்கு ஒரு கிண்ணம் நிறைய மாதுளை முத்துக்களை உதிர்த்துக் கொண்டுவந்து, என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவீர்கள். விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். வாழ்நாளில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு தராதவர். குற்றவுணர்ச்சியில் காக்காய் பிடிக்கிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மாதுளையையும் தின்றேன்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு சோபாவில் உட்காரச் சொன்னீர்கள். "இந்த ஒரு சீன் மட்டும் பாரு அம்மிணி." அந்தப் பெண் பள்ளி முடிந்து வீட்டுக்கு வருகிறாள். அவள் டைரி மேஜையில் திறந்து கிடக்கிறது. அம்மா படித்திருக்கிறாள். பெண் கத்தவில்லை, அழவில்லை. டைரியை மூடி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

"அந்த அம்மா பண்ணுனது தப்பு" என்றீர்கள்.

உங்கள் நோட்டைப் படித்தது தெரிந்துபோய்த்தான் ஜாடை பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். "எனக்கு மீட்டிங் இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை வீட்டில் நீங்களும் நானும் மட்டும் இருந்தோம். அடக்க முடியவில்லை.

"எங்கிட்ட ஒண்ணை மறைக்கறீங்கப்பா. எனக்குத் தெரியும்."

நீங்கள் கையிலிருந்த விளம்பரக் காகிதத்தைக் கீழே வைத்தீர்கள். "தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றீர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னீர்கள். "துவே பு ச்சி."

அதன் அர்த்தம்தான் எனக்குத் தெரியுமே. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அதையும் அந்த அம்மாளின் மொழியிலேயே! "அந்த பாஷையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். அம்மா போயி ரெண்டு வருஷம்கூட ஆகலை. இனி நீங்க அந்த லைப்ரரிக்குப் போகக் கூடாது" என்றேன்.

"லைப்ரரிக்கா?" என்றீர்கள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். ஏதோ தவறான வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. விளக்கம் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் "சரி அம்மிணி" என்று மட்டும் சொன்னீர்கள்.

பத்து நாள் கழித்து டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றச் சொன்னீர்கள். தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்றீர்கள். அதையும் நம்பவில்லை, ஆனாலும் மாற்றிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் மித்ராவைத்தான் ரொம்ப நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நம் ஊர் கோபிக்குத் திரும்பிப் போன மூன்றாவது மாதம், காலைக் காப்பி குடித்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று சித்தப்பா போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வந்து ஆறு வாரம் கழித்து, உங்கள் பேரில் இருந்த இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை என்பது வாசலில் அந்த அம்மாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மித்ராவோடு என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார் போல. நேராக என்னிடம் வந்தார். பெயர் லின். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். போனை வாயருகே வைத்துப் பேசினார். போன் அதைத் தமிழில் சொன்னது, செய்தி வாசிக்கிற குரலில்.

"உங்கள் தந்தை எங்கே? பல செவ்வாய்க்கிழமைகளாக அவர் வரவில்லை."

நான் போனிடம் சொன்னேன். போன் அவரிடம் சொன்னது. அவர் அந்த ஓக் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு அவர் சொன்னார். அந்த நாடகத்தை அவர் ஏற்கெனவே பார்த்து முடித்தவராம். வேறு மாநிலத்தில் இருக்கும் தன் மகளுக்குப் பிடித்ததென்று இரண்டு தடவை பார்த்தாராம். டைரி எபிசோடுக்கு அப்புறம் நீங்கள் நாடகத்தைத் தொடர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் அந்த அம்மா மகளிடம் மன்னிப்புக் கேட்கிறாளா என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்கள்.

"நான் இல்லை என்று சொன்னேன். எங்கள் தாய்மார்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பழம் நறுக்கி மகளின் மேஜையில் வைப்பாள். அவ்வளவுதான்."

எனக்கு மூன்று மணி மாதுளைக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"உங்கள் தந்தை தானும் மகளின் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னார். மிகவும் பழைய கடிதம். அவருடைய மொழியில் அந்தச் சொல் வாயில் வரவில்லை என்றார். வேறு மொழியில் என்றால் வரலாம் என்றார். நான் கற்றுக் கொடுத்தேன். அவருடைய உச்சரிப்பு மோசம்."

சொல்லிவிட்டு லின் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். 'எத்தனை நாளா?' என்று அன்று நீங்கள் கேட்டதும், 'ரொம்ப நாளா' என்று நான் சொன்னதும் என் காதில் மறுபடியும் கேட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டு வேறு வேறு விஷயம் பேசியிருக்கிறோம் அப்பா. எழுந்து நின்று, கையைக் கட்டாத குறையாக நீங்கள் என்னிடம் கேட்ட மன்னிப்பை, அட்ரஸ் தப்பு என்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்போதும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே லின்னிடம் கேட்டேன். "உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் வேறு எதுவும் இருந்ததா?"

போன் மொழிபெயர்த்தது. அவர் அதைக் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். சீனத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். போன் சொன்னது: "செவ்வாய் நல்ல நாள்."

இது ஆமாமா, இல்லையா? எனக்கு இன்றுவரை புரியவில்லை. மன்னிப்பைப் பழகுவதற்கு மட்டும் யாராவது இஸ்திரி போட்டுக்கொண்டு போவார்களா? ஆஃப்டர்ஷேவ் எதற்கு? என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அது பொய்யாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இப்போது அது நிஜமாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு அப்படிச் சில செவ்வாய்க்கிழமைகள் கிடைத்திருந்தால் நல்லதுதானே. அதை நிறுத்தியவள் நான்.

டி.வி.யில் நாடகம் அந்த எபிசோடோடு நின்றிருந்தது. மீதியை மித்ராவோடு உட்கார்ந்து நான் பார்த்து முடித்தேன். லின் சொன்னது சரிதான். அந்த அம்மா கடைசிவரை கேட்கவில்லை. அந்தப் பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், அந்தப் பையனையே வேறு ஊரில் சந்திக்கிறாள். நல்ல முடிவுதான். ஆனால் எனக்கு அந்த அம்மாமேல்தான் கண் இருந்தது.

இதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை மித்ராவைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தேன். அவள் போன் கப் ஹோல்டரில் இருந்தது. திரை மின்னியது. ஈதன் என்று ஒரு பெயர், பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அவளுடைய பாஸ்கோட் எனக்குத் தெரியும். அவள் குளிக்கப் போகும்வரை காத்திருந்தால் போதும். எனக்கு அதெல்லாம் பழக்கமான வேலைதானே. இரண்டு சிக்னல் தாண்டினேன்.

"மித்ரா, ஈதன் யாரு?"

"வாட்? டிட் யூ ரீட் மை ஃபோன்?"

"இல்ல. பேரு மட்டும் கண்ணுல பட்டுச்சு. படிக்கலை. அதான் உங்கிட்டயே கேக்கறேன்."

நான் உங்களைப் பார்த்த அதே சந்தேகப் பார்வையோடு அவள் என்னைப் பார்த்தாள். "வொய் ஆர் யூ பீயிங் சோ வியர்ட்?"

வண்டியை ஒரு ஓரமாக நிறுத்தி, செந்தில் கடிதத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. உங்கள் மாப்பிள்ளைக்கே தெரியாது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஸோ தாத்தா அந்த லெட்டரைத் தரவே இல்லையா?"

"இல்ல."

"அண்ட் யூ நெவர் ஆஸ்க்ட் ஹிம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இருபத்தெட்டு வருஷமாக நீங்கள் என்னிடம் கேட்கவில்லை என்று மட்டுமே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அதுவரை அது தோன்றியதே இல்லை. அந்தக் கடிதம் எங்கே என்று நானும்தான் உங்களிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

"இல்ல கண்ணு. நான் கேக்கலை."

"தட்ஸ் சோ சேட், அம்மா."

மறுபடி வண்டியை எடுத்தேன். வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். "ஹீ இஸ் இன் மை கெமிஸ்ட்ரி கிளாஸ். வீ ஆர் ஜஸ்ட் டாக்கிங்."

ஜஸ்ட் டாக்கிங் என்றால் இந்த ஊரில் எதுவரை என்று எனக்குத் தெரியாது. பாதிதான் நம்பினேன் அப்பா. சந்தேகம் உங்களிடமிருந்து எனக்கு வந்தது, அது என்னோடுதான் இருக்கும். மீதிப் பாதியை அவளே வந்து சொல்லும்வரை அதை அடக்கி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

கப் ஹோல்டரில் போன் மறுபடி ஒரு தடவை அதிர்ந்தது. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.